பார்த்ததை வாய்விட்டுச் சொல்வது

நீங்கள் கேட்டதை ஒருமுறை என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். காலையில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் நிறுத்தம் வரை வந்த பிறகு, பூட்டினோமா என்ற சந்தேகம் வந்து திரும்பி ஓடுகிறீர்கள். மதியம் டப்பாவைத் திறந்தது நினைவிருக்கிறது, சாப்பிட்டது நினைவில்லை. முந்தின இரவு உங்கள் மகள் பள்ளியில் பார்த்த ஓர் அணிலைப் பற்றி நெடுநேரம் சொல்லியிருக்கிறாள். அணில் என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் மனத்தில் நிற்கவில்லை. தியானம் பழகுவதற்காக ஒரு செயலியை வைத்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்தீர்கள், பிறகு விட்டுவிட்டீர்கள். இந்தக் கணத்தில் வாழுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதை எப்படிச் செய்வது என்று ஒருவரும் சொல்வதில்லை என்பது உங்கள் வருத்தம்.

நான் துறவி இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. 35 ஆண்டுகள் ரயில் என்ஜினில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உதவியாளராகச் சேர்ந்து, சரக்கு வண்டி, பாசஞ்சர் என்று படிப்படியாகப் போய், கடைசிப் பத்தாண்டுகள் எக்ஸ்பிரஸ் ஓட்டினேன். எனக்குப் பின்னால் ஆயிரம் பேருக்கு மேல் தூங்கிக்கொண்டு வருவார்கள். கவனமாக இருப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். அதனால் இந்தக் கேள்வியை நான் புத்தகத்தில் சந்திப்பதற்கு முன்பே தண்டவாளத்தில் சந்தித்துவிட்டேன். எனக்குத் தெரிந்ததை அங்கிருந்தே சொல்கிறேன்.

எங்கள் என்ஜினில் இருவர் இருப்போம். சிக்னல் கண்ணில் பட்டவுடன் அது காட்டும் நிறத்தை இருவரும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்ல வேண்டும். இது பழக்கத்தால் வந்த வழக்கம் மட்டும் இல்லை, இந்திய ரயில்வேயின் பொது விதிகளிலேயே இருக்கிறது. விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் இடையில் இரவு இரண்டரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம். விநாடிக்கு 30 மீட்டர். முன்விளக்கு வெளிச்சத்தில் தண்டவாளம் இரண்டும் வெள்ளிக் கம்பிபோல் எதிரே ஓடிவரும். அதற்கு அப்பால் இருட்டு. அந்த இருட்டில் கடுகு அளவுக்கு ஒரு பச்சைப் பொட்டு தெரியும். உதவியாளர் கையை நீட்டி, ‘டிஸ்டன்ட் சிக்னல், பச்சை’ என்பார். அடுத்து வரும் சிக்னல் என்ன காட்டுகிறது என்று முன்கூட்டியே சொல்வதுதான் டிஸ்டன்ட். அவர் சொன்னதைக் கேட்டு நான் தலையாட்டிவிடக் கூடாது. என் கண்ணால் அந்தப் பொட்டைத் தேடிப் பிடித்து, என் கையையும் நீட்டி, ‘டிஸ்டன்ட், பச்சை’ என்று நானும் சொல்ல வேண்டும். பார்க்காமலே திருப்பிச் சொன்னால் அந்த என்ஜினில் ஒரு ஜோடிக் கண்தான் இருக்கிறது என்று பொருள். அடுத்து நிலையத்துக்குள் நுழைய அனுமதிக்கும் ஹோம் சிக்னல், அதற்கடுத்து அங்கிருந்து புறப்பட அனுமதிக்கும் ஸ்டார்ட்டர். விடியும்வரை இப்படியே போகும்.

புதிதாகச் சேர்ந்தபோது இது எனக்குப் பள்ளிக்கூடப் பாடத்தை ஒப்பிப்பது போலத் தோன்றியது. இருவருக்கும் கண் நன்றாகத் தெரிகிறது, பச்சை பச்சையாகத்தான் இருக்கிறது, எதற்கு வாய் வலிக்கக் கத்த வேண்டும் என்று ஒரு மூத்த ஓட்டுநரிடம் கேட்டேன். அவர் சொன்னார்: “தம்பி, கண் பார்த்துவிடும். பார்த்தது உனக்குத் தெரிய வேண்டாமா?”

அந்தப் பதில் எனக்கு அப்போது புரியவில்லை. புரியவைத்தது வேறு ஓர் இரவு. அதைச் சொல்வதற்கு முன் ஒரு கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் விழித்திருக்கிறாரா என்று பார்க்க என்ஜினில் ஓர் ஏற்பாடு உண்டு. ஏறக்குறைய 60 விநாடி அவர் எந்தக் கைப்பிடியையும் அசைக்காமல், ஹாரனும் அடிக்காமல் இருந்தால் ஒரு விளக்கு மின்னும். 8 விநாடிக்குள் பொத்தானை அழுத்தாவிட்டால் பஸர் அலறும். இன்னும் 8 விநாடி போனால் பிரேக் தானாகப் பிடித்து வண்டி நின்றுவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் நான் சரக்கு வண்டி ஓட்டிய காலத்தில், ஒரு நீண்ட நேர்ப்பாதையில், என் மனம் தங்கையின் கல்யாணத்துக்கு வாங்கிய கடனைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. வட்டி எவ்வளவு, யாரிடம் தவணை கேட்பது என்று ஓடிக்கொண்டே இருந்தது. உதவியாளர் அடுத்த சிக்னலைச் சொன்ன குரலில்தான் திரும்பி வந்தேன். கடந்த பத்து நிமிடத்தில் அந்தப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினேன் என்று யோசித்தேன். ஒருமுறைகூட நினைவில் இல்லை. ஆனால் அழுத்தியிருக்கிறேன், இல்லாவிட்டால் வண்டி நின்றிருக்கும். கை விழித்திருந்தது, நான் அங்கே இல்லை.

அன்று உள்ளங்கை வியர்த்துப் போனது. எந்த வேலையைக் கை தானாகச் செய்யக் கற்றுக்கொள்கிறதோ, அந்த வேலை நாம் இல்லாமலே நடந்துவிடும். விழிப்பைச் சோதிப்பதற்கென்றே செய்த பொத்தானுக்கும் அதே கதிதான். சிக்னலைச் சொல்வது அப்படி இல்லை. எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும், என்ன நிறம் என்று பிரித்தறிய வேண்டும், அதற்கு ஒரு சொல்லைக் கொண்டுவர வேண்டும், கேட்க எதிரே ஒருவர் இருக்கிறார். இத்தனையும் செய்ய நாம் அங்கே இருந்தாக வேண்டும்.

உங்கள் வீட்டுக் கதவு அந்தப் பொத்தானைப் போன்றது. சாவியைத் திருப்புவது உங்கள் கை ஆயிரம் முறை செய்து பழகிய வேலை. பழகிய வேலைக்கு மூளை தனியாகக் குறிப்பு எழுதி வைப்பதில்லை. இன்று பூட்டியது, நேற்றுப் பூட்டியது, போன மாதம் பூட்டியது எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். உங்கள் ஞாபக சக்தி கெட்டுவிட்டதோ என்று பயப்படுகிறீர்கள். பயப்பட வேண்டாம். பூட்டிய அந்த நேரத்தில் எதுவும் பதியவே இல்லை, அவ்வளவுதான்.

திரும்பி ஓடிப்போய்ப் பார்ப்பது இதற்கு மருந்தாகாது. 2003-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த மார்செல் வான் டென் ஹௌட், மெரெல் கிண்ட் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். கணினித் திரையில் தெரியும் ஒரு கேஸ் அடுப்பை இயக்கி, அணைத்து, அணைந்ததா என்று பார்க்கச் சொன்னார்கள். அதையே மீண்டும் மீண்டும் சரிபார்த்தவர்களுக்குக் கடைசியாகப் பார்த்தது சரியாகவே நினைவில் இருந்தது. ஆனால் அந்த நினைவு மங்கிப் போயிருந்தது, அதன்மேல் அவர்களுக்கே நம்பிக்கை குறைந்திருந்தது. சரிபார்க்கச் சரிபார்க்கச் சந்தேகம் வளர்கிறது. (இப்படிச் சரிபார்ப்பதிலேயே உங்களுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரம் போகிறது, பார்க்காமல் இருந்தால் நெஞ்சு பதறுகிறது என்றால், நான் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல் மனநல மருத்துவரிடம் போங்கள். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.)

நாளைக் காலை இப்படிச் செய்யுங்கள். சாவியைத் திருப்பியதும் உடனே நகராதீர்கள். பூட்டை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஆள்காட்டி விரலால் அதைச் சுட்டி, ‘பூட்டியாயிற்று, இன்று செவ்வாய்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முணுமுணுத்தால் போதாது, உங்கள் காதில் விழ வேண்டும். கிழமையையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது இல்லாவிட்டால் இரண்டே வாரத்தில் இந்த வாசகத்தையும் வாய் தானாகச் சொல்லப் பழகிவிடும். செவ்வாயா புதனா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கிறது அல்லவா, அந்த ஒரு கணம் நீங்கள் அந்தக் கதவின் முன்னால் இருப்பீர்கள். பஸ் நிறுத்தத்தில் சந்தேகம் வந்தால் உங்கள் குரலே சாட்சி.

இதை ஜப்பான் ரயில்வேக்காரர்கள் எங்களைவிட ஒழுங்காகச் செய்கிறார்கள். ஷிசா காங்கோ என்று பெயர். சுட்டிக் காட்டி உரக்கச் சொல்வது. நூறாண்டுக்கும் மேலாக அங்கே இருக்கிறது. வெள்ளைக் கையுறை போட்ட ஓட்டுநர் சிக்னலையும், வேகமானியையும், கால அட்டவணையையும் ஒவ்வொன்றாகச் சுட்டிச் சொல்லிக்கொண்டே போவார். நடைமேடையில் நிற்கும் ஊழியர் காலியான தண்டவாளத்தை விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிக் காட்டி, சரி என்று சொல்வார். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு இது சடங்கு மாதிரி தெரியும். அந்நாட்டு ரயில்வே தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் அளந்து பார்த்தது. ஓர் எளிய வேலையைச் சும்மா செய்தவர்களுக்கு 100 செயலுக்கு 2.38 தவறு, சுட்டிக் காட்டிச் சொல்லிச் செய்தவர்களுக்கு 0.38. நியூயார்க் சுரங்க ரயில்களிலும் 1996 முதல் கண்டக்டர்கள் ஒவ்வொரு நிலையத்திலும் நடைமேடையின் நடுவில் தொங்கும் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பலகையை விரலால் சுட்டிய பிறகுதான் கதவைத் திறக்கிறார்கள்.

பிழை குறைவது ஒருபுறம் இருக்கட்டும். நான் இதில் கற்றுக்கொண்ட பெரிய பாடம் வேறு. எதைப் பார்க்கிறாயோ அதைச் சொல், எதை எதிர்பார்க்கிறாயோ அதைச் சொல்லாதே என்பதுதான் அது. ஒரே பாதையில் இரண்டு ஆண்டுகள் ஓட்டினால், எந்த ஊரில் எந்தச் சிக்னல் வழக்கமாகப் பச்சையாக இருக்கும் என்று உடம்புக்கே தெரிந்துவிடும். அங்கேதான் ஆபத்து. 300 நாள் பச்சையாக இருந்த சிக்னலை 301-ஆம் நாளும் பச்சை என்று சொல்ல நாக்கு தயாராக இருக்கும், கண் இன்னும் அதைப் பிடித்திருக்காது. புதிய பாதையில் யாரும் அசட்டையாக இருக்க மாட்டார்கள். மனப்பாடமான பாதையில்தான் கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்று ஓட்டுநர்களைக் கண்காணிக்க வரும் லோகோ இன்ஸ்பெக்டர்கள் சலிக்காமல் சொல்வார்கள்.

வீட்டில் இருப்பவர்களும் நமக்கு மனப்பாடமான பாதைதான். கணவர் இப்படித்தான் பேசுவார், மாமியார் இதைத்தான் கேட்பார், பிள்ளை ‘ஒன்றுமில்லை’ என்றுதான் பதில் சொல்வான் என்று நாக்கு முன்கூட்டியே தயாராக இருக்கிறது. அந்த முகம் அன்று என்ன நிறம் காட்டுகிறது என்று யார் பார்க்கிறோம்? என் மகன் பத்தாம் வகுப்பு படித்த ஆண்டில் நான் வீட்டில் இருந்த நாட்களே குறைவு. இருந்த நாட்களிலும் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, அவன் உள்ளே வந்தால் தலை நிமிராமல் “வந்தாயா, சாப்பிடு” என்பேன். மூன்று மாதமாக அவனுக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை. பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்திருக்கிறான். அதை முதலில் கவனித்தது கணக்கு ஆசிரியர். இருட்டில் கடுகளவு வெளிச்சத்தை அடையாளம் காண்கிற எனக்கு, நான்கடி தூரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளையின் முகம் தெரியவில்லை. அது இன்றும் எனக்குத் துயரம்தான்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். அவன் வாசல்படியில் கால் வைப்பதுதான் எனக்குச் சிக்னல். பேப்பரை மடித்துவிட வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும், பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும், கண்ணில் பட்டதை ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ‘சட்டையெல்லாம் மண்ணாக இருக்கிறதே’, ‘இன்று நடை தளர்ந்திருக்கிறதே’, இவ்வளவுதான். புத்திமதி கூடாது, மார்க் எவ்வளவு என்று கேட்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் பையைக்கூட இறக்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

இனி, மனத்தில் நினைத்துக்கொண்டதைக் கடைசிவரை பிடித்து வைத்திருப்பது பற்றி. இன்றைக்கு உலகம் முழுக்கப் பேசப்படும் இந்த விழிப்புணர்வுப் பயிற்சிக்கு வேர், பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் ‘ஸதி’ என்ற சொல். வடமொழியில் ஸ்மிருதி. அடிப்படைப் பொருள் நினைவு. நினைவு வைத்திருத்தல், மறவாதிருத்தல். இது தெரிந்தபோது எனக்குப் பாதி குழப்பம் நீங்கியது. கவனம் என்றால் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மனத்தை இறுக்குவது என்றே அதுவரை நினைத்திருந்தேன். மறந்து போகிறோம், மீண்டும் நினைவு வருகிறது, திரும்பி வருகிறோம். அந்தத் திரும்பி வருதல்தான் பயிற்சி. நம் வள்ளுவர் இதற்கு ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். பொச்சாவாமை, 54-ஆவது அதிகாரம். பொச்சாப்பு என்றால் மறதி. அதைத் துறவறத்தில் வைக்காமல் பொருட்பாலில், சுற்றந்தழாலுக்கும் செங்கோன்மைக்கும் நடுவில் வைத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். உறவும் வேலையும் உள்ளவர்களுக்குத்தான் மறவாமை வேண்டும் என்று அந்த இடமே சொல்கிறது. அதிகாரத்தின் கடைசிக் குறள்:

உள்ளியது எய்தல் எளிதுமன் மற்றும்தான்
உள்ளியது உள்ளப் பெறின்.

நினைத்ததை அடைவது எளிதுதான், நினைத்ததை நினைத்துக்கொண்டே இருக்க முடிந்தால். ‘பெறின்’ என்ற சொல்லில் இருக்கிறது முழுக் கஷ்டமும். காலையில் ‘இன்று மகளிடம் கத்த மாட்டேன்’ என்று நினைத்த நீங்கள் மாலையில் கத்தியது மன உறுதி இல்லாததால் வந்தது என்று நம்புகிறீர்கள். அந்த நேரத்தில் காலை நினைப்பு உங்கள் பக்கத்தில் இல்லை. மறந்துவிட்டீர்கள். மறதிக்குச் செய்ய வேண்டியது, நினைவூட்டும் பொருளை மனத்துக்கு வெளியே நட்டு வைப்பது. சிக்னல் கம்பம் அதனால்தான் தண்டவாள ஓரத்தில் நிற்கிறது. ஓட்டுநரின் தலைக்குள் வைத்துவிட்டால் போதும் என்று யாரும் விட்டுவிடவில்லை. திக் நியட் ஹான் என்ற வியட்நாம் துறவி 1982-இல் பிரான்சில் தொடங்கிய பிளம் வில்லேஜ் ஆசிரமத்தில் மணி ஒலித்தால் எல்லோரும் செய்கிற வேலையை நிறுத்தி மூச்சைக் கவனிக்கிறார்கள். தொலைபேசி மணிக்கும் அப்படியே. துறவிகளுக்கே வெளியிலிருந்து ஒரு மணி தேவைப்படுகிறது. நமக்குத் தேவைப்பட்டால் அதில் குறையில்லை.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதையே ஆராய்ந்திருக்கிறார். ‘நான் இதைச் செய்வேன்’ என்று பொதுவாகத் தீர்மானிப்பதைவிட, ‘இது நடக்கும்போது இதைச் செய்வேன்’ என்று இடத்தோடும் நேரத்தோடும் கட்டிப் போட்டால் அது நிறைவேறும் வாய்ப்பு கூடுகிறது என்பது அவர் முடிவு. 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரன் என்ற இன்னோர் உளவியலாளரும் சேர்ந்து 94 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோதும் அதுவே வந்தது.

எங்களிடம் இதற்கு ஒரு காகிதம் உண்டு. வண்டி எடுப்பதற்கு முன் காஷன் ஆர்டர் என்று ஒன்று கொடுப்பார்கள். இந்தக் கிலோமீட்டரிலிருந்து இந்தக் கிலோமீட்டர் வரை பாலம் வேலை, 30-இல் போ. இன்னோரிடத்தில் தண்டவாளம் புதிது, 45-இல் போ. காரணமும் எழுதியிருக்கும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, இருவரும் படித்து, கண்ணில் படும்படி வைத்துக்கொள்வோம். அதில் ‘கவனமாக ஓட்டவும்’ என்று பொதுவாக எழுதியிருக்காது. எழுதினால் எங்களுக்கு அதனால் பயன் ஒன்றும் இல்லை. இந்தக் காகிதத்தை நான் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டேன். காலையில் காபி குடிக்கும்போது, இன்று எந்த இடத்தில் வேகம் குறைக்க வேண்டும் என்று என்னையே கேட்டு இரண்டு வரி எழுதுவேன். ‘பத்தரை மணி, வங்கி. வரிசை நீளமாக இருக்கும். காத்திருப்பதுதான் அங்கே வேலை.’ ‘மாலை, அண்ணன் போன். நிலத்தைப் பற்றிப் பேச்சு வரும். அவர் முடிக்கும்வரை பேசாதே.’ இரண்டுக்கு மேல் எழுத மாட்டேன். உங்களுக்கு வீடு திரும்பும் நேரம் ஓர் இடமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

வேகம் குறைக்கும் இடத்தைப் பற்றி இன்னொன்று. பழுதுபட்ட பகுதியை என்ஜின் கடந்ததும் வேகம் எடுக்கக் கூடாது. என்ஜின்தான் நல்ல தண்டவாளத்துக்கு வந்திருக்கிறது. பின்னால் அரை கிலோமீட்டருக்கு மேல் பெட்டிகள் இன்னும் அந்தப் பழுதின்மேல் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. கடைசிப் பெட்டியும் தாண்டிய பிறகு வேகம் எடுக்கலாம் என்று சொல்ல ஒரு மஞ்சள் பலகை தனியாக வைத்திருப்பார்கள். அதுவரை பொறுமையாகப் போக வேண்டும். அலுவலகத்தில் யாரோ மனம் புண்படப் பேசியிருப்பார்கள். ஐந்தரை மணிக்கு வெளியே வந்ததும் முடிந்தது என்று நினைக்கிறோம். முடியவில்லை, பெட்டிகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. வீட்டு வாசலுக்குள் முழு வேகத்தில் நுழைந்தால் மகளிடம் எரிந்து விழுவோம், எதற்கென்றே தெரியாது. உங்கள் மஞ்சள் பலகையை எங்காவது நட்டுக்கொள்ளுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் தெருமுனை வரை போனை எடுக்காமல் நடப்பது, வந்ததும் முகம் கழுவித் துடைத்துவிட்டுக் கூடத்துக்கு வருவது, ஏதாவது ஒன்று. ஐந்து நிமிடம் போதும்.

நாள் முழுவதும் விழிப்பாக இருக்க ஆசைப்பட வேண்டாம் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். அது யாராலும் முடியாது. நார்மன் மாக்வொர்த் என்பவர் 1948-இல் வெளியிட்ட ஆய்வில், கடிகார முள் போல நகரும் ஒரு முள்ளை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கவனம் முதல் அரை மணி நேரத்திலேயே சரியத் தொடங்கியது. 2010-இல் அமெரிக்காவில் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2,250 பேரைக் கைப்பேசி வழியாக அவ்வப்போது இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைக்கிறீர்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். 46.9 சதவீத நேரம் அவர்கள் மனம் கையிலிருந்த வேலையில் இல்லை. மனம் அலைவது மனத்தின் இயல்பு. சிக்னல் கம்பங்களுக்கு இடையில் ஓட்டுநரும் உதவியாளரும் ஊர்க்கதை ஒன்றிரண்டு வார்த்தை பேசுவதுண்டு. கம்பம் வரும்போது இருவரும் அங்கே இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. உங்கள் நாளில் மூன்று கம்பம் வைத்துக்கொள்ளுங்கள்: கதவு, மகள் வரும் நேரம், சோற்றின் முதல் கவளம். கவளத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாயில் வைத்ததும் அது என்ன என்று மனத்துக்குள் பெயர் சொல்லுங்கள், உப்பு, புளி, சூடு என்று. மீதிச் சாப்பாடு எப்படிப் போனாலும் போகட்டும்.

தூக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரவு 2 மணியிலிருந்து 5 மணிவரை எத்தனை அனுபவம் இருந்தாலும் உடம்பு கீழே இழுக்கும். தூங்காத கண்ணுக்கு எந்தப் பயிற்சியும் உதவாது. ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு விழிப்புணர்வு வரவில்லையே என்று கவலைப்பட்டால், முதலில் தூங்குங்கள். போன் விஷயமும் அப்படித்தான். வண்டி ஓட்டும்போது எங்கள் போன் அணைந்திருக்க வேண்டும் என்பது விதி. பார்க்கக் கூடாது என்று மனத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லவில்லை, அணைத்துவிடச் சொல்கிறார்கள். மகளோடு இருக்கும் அரை மணி நேரத்துக்கு உங்கள் போனும் அடுத்த அறையில் அணைந்திருக்கட்டும்.

நீங்கள் விட்டுவிட்ட தியானத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஜான் கபாட்-ஸின் 1979-இல் மாசசூசெட்ஸ் மருத்துவப் பள்ளியில் நாள்பட்ட வலியோடு வந்தவர்களுக்காகத் தொடங்கிய 8 வார விழிப்புணர்வுப் பயிற்சி பல நாடுகளில் மருத்துவமனைகளிலேயே சொல்லிக்கொடுக்கப்படுகிறது. நேரமும் நல்ல ஆசிரியரும் கிடைத்தால் உட்காருங்கள். ஆனால் அதற்கு நேரம் கிடைக்கும்வரை வாழ்க்கை காத்திருக்காது, கதவை நாளைக் காலை பூட்டித்தான் ஆக வேண்டும். பழைய அதிர்ச்சி ஏதாவது மனத்தில் ஆறாமல் இருப்பவர்கள் நீண்ட மௌன முகாம்களுக்குத் தனியாகப் போக வேண்டாம். சிலருக்கு அது புண்ணைக் கிளறிவிடும். மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

கடைசியாக, தவறவிட்டதைப் பற்றி. தவறவிடுவீர்கள், முதல் மாதத்தில் பாதி நாள் கதவைச் சுட்டவே மறந்து போவீர்கள். எங்கள் விதியில் இதற்கும் வழி இருக்கிறது. சிக்னல் விளக்கு எரியவில்லை, அல்லது என்ன காட்டுகிறது என்று தெளிவாகத் தெரியவில்லை என்றால், அது காட்டக்கூடியதிலேயே மிகக் கடுமையானதைக் காட்டுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நிறுத்தச் சிக்னல் என்றால் சிவப்பு. பச்சையாகத்தான் இருந்திருக்கும் என்று ஊகித்துப் போய்விடக் கூடாது. பேச்சிலும் அப்படியே செய்யுங்கள். உங்கள் மகள் சொன்னது காதில் விழவில்லை என்றால் ‘ம்ம்’ கொட்டிப் போய்விடாதீர்கள். குழந்தைகளுக்கு அந்த ‘ம்ம்’ நன்றாகத் தெரியும். நின்று, “அம்மா அப்போது கேட்கவில்லை, மறுபடியும் சொல்” என்று சொல்லுங்கள். ஒருநாள் தாமதமானாலும் பரவாயில்லை. இன்று மாலை முகம் கழுவிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அணிலுக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.